பிளஸ் ஒன் முதல் தொகுதிப் புத்தகங்கள்: கோடை விடுமுறையில் எதைப் படிப்பது, எதை விடுவது?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஏப்ரல் நடுவில் முடிகிறது. பிளஸ் ஒன் வகுப்பு ஜூனில் தொடங்குகிறது. நடுவில் கிடைப்பது ஆறு, ஏழு வாரம். ஃபர்ஸ்ட் குரூப் (கணிதம், இயற்பியல், வேதியியல் உள்ள பிரிவு) எடுக்கப்போகிற பிள்ளைக்கு இந்த நேரத்தில் எந்தப் புத்தகம் வாங்கித் தருவது என்று கேட்கிற பெற்றோருக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணிதம், இயற்பியல், வேதியியல் முதல் தொகுதிகள் போதும். ஆனால் முதல் பக்கத்தில் ஆரம்பித்து வரிசையாகப் படித்தால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. கணிதத்தின் இரண்டாம் தொகுதியிலிருந்து கொஞ்சம் முன்னால் இழுக்க வேண்டும். முதல் தொகுதியிலிருந்து நிறைய ஒதுக்க வேண்டும்.

இவை 2018-19 கல்வியாண்டில் வந்த புதிய பாடத்திட்டப் புத்தகங்கள். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் பி.டி.எஃப். ஆக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால் சென்னை கல்லூரிச் சாலையில் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் (இப்போதைய பெயர் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்) விற்கிறார்கள். போனில் வைத்துக் கணக்குப் பழகாதீர்கள். பயிற்சியில் ஒரு கணக்கு நிற்கும்போது நான்கு பக்கம் பின்னால் போய் எடுத்துக்காட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டும். சின்னத் திரையில் அது நடக்காது. முழுப் புத்தகமும் கைக்கு வரவில்லை என்றால் கணிதம் இரண்டாம் பாடத்தையும் இயற்பியல் இரண்டாம் அலகையும் மட்டுமாவது பிரிண்ட் எடுத்துவிடுங்கள்.

இனி குறைக்கு வருவோம். குறை பக்கங்களில் இல்லை, வரிசையில் இருக்கிறது. இயற்பியலின் இரண்டாம் அலகு இயக்கவியல். அதிலேயே வெக்டர் (அளவோடு திசையும் உள்ளது), வகையீடு (ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கணக்கிடுவது), தொகையீடு (அதன் எதிர்வழி) மூன்றும் வந்துவிடுகின்றன. கணிதத்திலோ வெக்டர் எட்டாவது பாடம், எல்லைகளும் தொடர்ச்சியும் ஒன்பதாவது, வகையீடு பத்தாவது, தொகையீடு பதினொன்றாவது. எல்லாமே இரண்டாம் தொகுதி. கணித ஆசிரியர் அங்கே வந்து சேர்வதற்குள் இயற்பியல் ஆசிரியர் பல அலகுகளை முடித்திருப்பார். ஜூலை மாதம் கரும்பலகையில் வகையீட்டுக் குறியைப் பார்க்கும் பிள்ளைக்கு அது என்னவென்றே தெரியாது. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் அதன் வாசனைகூடக் கிடையாது. ‘எனக்கு பிசிக்ஸ் வராது’ என்ற முடிவுக்குப் பல பிள்ளைகள் வருவது இந்த இடத்தில்தான். வராதது பிசிக்ஸ் இல்லை, இன்னும் யாரும் சொல்லித் தராத கணக்கு.

இயற்பியல் புத்தகம் எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் அந்த அலகுக்குள்ளேயே வகையீட்டுக்கும் தொகையீட்டுக்கும் சுருக்கமான அறிமுகம் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சில பக்கங்கள் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவருக்குப் போதும்; முதல்முறை பார்ப்பவருக்குப் போதாது. கோடையில் செய்ய வேண்டிய முதல் வேலை அந்தப் பக்கங்களை நிதானமாக விரித்துப் படிப்பது.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு ஒரு முழுக் காலையும் அதோடு உட்காரலாம். ஒரு பொருள் நேர்கோட்டில் நகர்கிறது. நேரத்தின் வர்க்கத்தை 5ஆல் பெருக்கி, அதிலிருந்து நேரத்தின் 20 மடங்கைக் கழித்து, 15 கூட்டினால் அது இருக்கும் இடம் மீட்டரில் கிடைக்கும். நேரம் வினாடியில். அட்டவணை போட்டால் 0, 1, 2, 3, 4 வினாடிகளில் இடம் முறையே 15, 0, −5, 0, 15. இதை வரைபடத்தாளில் குறித்தால் பத்தாம் வகுப்பில் வரைந்த அதே பரவளையம் வரும். அது அச்சை வெட்டும் 1, 3 இரண்டும் இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள். அதாவது பொருள் ஆதிப்புள்ளியை (இடம் 0) கடக்கும் நேரங்கள். வகையிட்டால் திசைவேகம்: நேரத்தின் 10 மடங்கில் 20 குறைவு. 2ஆவது வினாடியில் அது பூஜ்ஜியம். பரவளையத்தின் முனையும் அங்கேதான். இன்னொரு முறை வகையிட்டால் முடுக்கம் 10, மாறிலி.

இப்போது கேள்வி: முதல் 4 வினாடியில் இடப்பெயர்ச்சி எவ்வளவு, கடந்த தொலைவு எவ்வளவு? இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம். தொலைவையும் பூஜ்ஜியம் என்றே பெரும்பாலான பிள்ளைகள் எழுதுவார்கள். 15இலிருந்து −5 வரை போக 20 மீட்டர், திரும்பி வர 20 மீட்டர், ஆக 40 மீட்டர். திசைவேகம் எங்கே பூஜ்ஜியமாகிறதோ அங்கே பயணத்தை இரண்டாக வெட்டிக் கூட்ட வேண்டும் என்பது இந்த ஒரு கணக்கில் பதிந்துவிட்டால் அந்த அலகின் நுணுக்கம் பாதி கைக்கு வந்த மாதிரி.

வகையீட்டை எல்லை என்ற கருத்திலிருந்து முறைப்படி தொடங்கினால் கோடை அதிலேயே கழிந்துவிடும். வேறு வழி இருக்கிறது. நேரத்தின் வர்க்கத்தை எடுங்கள். 2க்கும் 2.1க்கும் நடுவில் சராசரி மாற்றம் 0.41ஐ 0.1ஆல் வகுத்தால் 4.1. 2க்கும் 2.01க்கும் நடுவில் 4.01. இன்னும் நெருங்கினால் 4.001. எங்கே போய் நிற்கிறது என்று பிள்ளையே சொல்லட்டும். அதன்பின் அடுக்கு விதி, கூட்டல் விதி, சைன், கொசைன் வகையீடு, இவ்வளவுதான். ஒரு வாரம், நாளுக்கு இருபது கணக்கு. அடிக்கடி வரும் பிழை, மாறிலியின் வகையீட்டையும் அதே எண்ணாக எழுதுவது. ‘மாறாத ஒன்று எவ்வளவு மாறுகிறது?’ என்று திருப்பிக் கேட்டாலே சரியாகிவிடும். தொகையீட்டில் அடுக்கு விதி மட்டும் போதும். வெக்டரில் கூறுகளாகப் பிரிப்பதும் புள்ளிப் பெருக்கமும் முதலில். குறுக்குப் பெருக்கத்தைப் பள்ளி திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ரேடியன், கோணத்தை அளக்கும் இன்னொரு அளவை. பத்தாம் வகுப்பு வரை கோணம் என்றால் பாகைதான். பிளஸ் ஒன் இயற்பியலின் முதல் அலகிலேயே, தொலைவிலுள்ள பொருளின் அளவைக் கோணத்தைக் கொண்டு கண்டுபிடிக்கும்போது, ரேடியன் வந்துவிடும். சூரியனின் கோண விட்டம் 1920 வில்வினாடி, தொலைவு 1.496 × 10¹¹ மீட்டர். ஒரு வில்வினாடி, அதாவது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு, 4.85 × 10⁻⁶ ரேடியன். பெருக்கினால் விட்டம் சுமார் 1.39 × 10⁹ மீட்டர். மாற்ற மறந்த பிள்ளை 1920 வில்வினாடியை 0.533 பாகை என்று எழுதி அப்படியே தொலைவால் பெருக்கும், 7.98 × 10¹⁰ வரும். சரியான விடையைப் போல 57.3 மடங்கு. ஒரு ரேடியன் 57.3 பாகை. எனவே விடை 57 மடங்கு தள்ளிப் போயிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், பிழை இங்கேதான்.

கணிதம் முதல் தொகுதியில் கோடைக்கென்றே எழுதியதுபோல இருப்பது இரண்டாம் பாடம், அடிப்படை இயற்கணிதம். மட்டு மதிப்பு, அசமன்பாடுகள், இருபடிச் சார்புகள், பகுதிப் பின்னங்கள், அடுக்குகள், மடக்கை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. பின்னால் வரும் எல்லாப் பாடமும் இதன் மேல்தான் நிற்கிறது. இதை முழுதாக, ஒரு கணக்கும் விடாமல் போடச் சொல்லுங்கள். பன்னிரண்டு நாள் ஆகும், ஆகட்டும். பெரிய பிழை எங்கே வருகிறது என்று ஒரு மாதிரி பாருங்கள்: (எக்ஸ் + 1) / (எக்ஸ் − 2) < 3. பிள்ளை உடனே குறுக்கே பெருக்கி, எக்ஸ் 3.5ஐ விடப் பெரியது என்று எழுதும். ஆனால் எக்ஸுக்கு 0 போட்டால் −0.5, அது 3ஐ விடச் சிறியதுதானே? அப்படியானால் 0 ஏன் விடையில் இல்லை? (எக்ஸ் − 2) எதிர்மறையாக இருக்கும்போது பெருக்கினால் அசமக்குறி திரும்பிவிடும் என்பதை விட்டுவிட்டது. 3ஐ இடப்பக்கம் கொண்டுவந்து ஒரே பின்னமாக்கி, குறி அட்டவணை போட வேண்டும். விடை: 2ஐ விடச் சிறியவை, அல்லது 3.5ஐ விடப் பெரியவை.

முதல் பாடம் பத்தாம் வகுப்பில் படித்ததன் தொடர்ச்சி. அங்கே ‘உறவுகள்’ என்று இருந்தது இங்கே ‘தொடர்புகள்’ ஆகியிருக்கிறது. பெயர் மாறியதைப் பார்த்துப் புதுப் பாடம் என்று மலைக்க வேண்டாம். அதில் சார்புகளின் வரைபடங்களை நகர்த்துவதும் திருப்புவதும் மட்டும் கவனம் கேட்கும். மூன்றாம் பாடமான முக்கோணவியல் நீண்டது. ரேடியன், நான்கு கால்பகுதிகளிலும் குறிகள், கூட்டுக்கோண வாய்பாடுகள் வரை போய் நிறுத்திவிடலாம். சேர்ப்பியல், ஈருறுப்புத் தேற்றம் இரண்டையும் தொடவே வேண்டாம். வகுப்பில் ஆசிரியர் பேசிப் பேசித்தான் அவை புரியும். தனியாகப் படித்தால் வாய்பாடு மட்டும் மனப்பாடமாகி, எதை எங்கே போடுவது என்ற குழப்பம் மிஞ்சும்.

வேதியியலில் முதல் அலகு ஒன்றே போதும். மோல் (பொருளின் அளவை எண்ணும் அலகு), வினைக்கட்டுப்பாட்டுக் காரணி (வினையில் முதலில் தீர்ந்துபோகும் பொருள்), ஆக்சிஜனேற்ற எண். 4 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்தால் எத்தனை கிராம் தண்ணீர்? எடை குறைவாக இருக்கிறதே என்று ஹைட்ரஜனைக் காரணியாக வைத்தால் 36 கிராம் வரும். போட்டதே 20 கிராம், 36 எப்படி வரும்? மோலில் பார்த்தால் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 0.5. ஆக்சிஜன்தான் முதலில் தீரும். தண்ணீர் 18 கிராம், மிச்சம் ஹைட்ரஜன் 2 கிராம். கூட்டினால் 20. கடைசி வரியில் இந்தக் கூட்டல் சரிபார்ப்பைப் பழக்கமாக்கிவிடுங்கள். இரண்டாம் அலகான அணுவின் குவாண்டம் மாதிரி விறுவிறுப்பாகத்தான் தெரியும். அதைக் கோடையில் கதை போல வாசிக்கலாம், கணக்குப் போட வேண்டாம்.

புத்தகத்தின் பயிற்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணிதத்தில் விடை பின்னால் இருக்கிறது, வழி இல்லை. அது நல்லதுதான். ஆனால் விடை தப்பானால் எங்கே தப்பு என்று காட்ட வாரம் ஒருமுறையாவது ஆள் வேண்டும். ஒரு மதிப்பெண் வினாக்களை விடுமுறையில் தொட வேண்டாம். நான்கு விடைகளில் ஒன்றைத் தட்டுவது கையை எழுதவிடாமல் சோம்பலாக்கும். கால்குலேட்டரையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். தேர்வில் அது கிடையாது, 4.85ஐ 1.92ஆல் கையால் பெருக்கத் தெரிய வேண்டும். பக்கங்களில் உள்ள க்யூ.ஆர். குறியீடுகள் காணொளிகளுக்குக் கொண்டுபோகும். பள்ளிக் கல்வித்துறை 2023இல் வெளியிட்ட மணற்கேணி செயலியிலும் பாடக் காணொளிகள் இருக்கின்றன. கணக்குப் போட்டுத் தடுமாறிய பிறகு பார்த்தால் பயன்படும். முன்னாலேயே பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும், கை வராது.

தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறும் பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகங்களைவிடச் சிறந்த கருவி கிடையாது. இரண்டு மொழியிலும் அதே பாடம், அதே கணக்கு. ஒரு பக்கம் தமிழில் படித்து, அதே பக்கத்தை ஆங்கிலத்தில் திறந்து, சொற்களை இரண்டு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். ஸ்பீடு என்றால் வேகம், வெலாசிட்டி என்றால் திசைவேகம். தமிழில் ‘திசை’ பெயரிலேயே இருப்பதால், தமிழில் படித்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு மறப்பதில்லை. ஒரு நாளைக்குப் பதினைந்து சொல் போதும்.

நீட், ஜே.இ.இ. நோக்கம் உள்ளவர்கள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை இப்போதே ஆரம்பிக்கலாமா என்று கேட்பார்கள். இரண்டு தேர்விலும் பதினொன்றாம் வகுப்புப் பாடம் உண்டு என்பதால் கேள்வி நியாயமானது. என்.சி.இ.ஆர்.டி. இயற்பியலில் நேர்கோட்டு இயக்கம் தனிப் பாடம், தள இயக்கம் அடுத்த பாடம். வெக்டர் இரண்டாவதில்தான் வருகிறது. இந்தப் பிரிப்பு கற்பதற்கு எளிது. அந்த இரண்டு பாடங்களின் பயிற்சியை மட்டும் மே கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். அதே நிறுவனத்தின் எக்செம்ப்ளர் (கடினமான பயிற்சிக் கணக்குகளின் தொகுப்பு) புத்தகம் ஜூனுக்கு முன் வேண்டாம். அடித்தளம் இல்லாமல் அதைத் திறந்தால் மனசு விட்டுப்போகும்.

பிரிட்ஜ் கோர்ஸ் (பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் ஒன்னுக்கும் நடுவிலான இணைப்பு வகுப்பு) நடத்தும் இடங்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: முதல் இரண்டு வாரம் என்ன நடத்துவீர்கள்? வகையீடு, வெக்டர், அசமன்பாடு என்று சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள். ‘முதல் நாளிலிருந்தே நீட் மாடல் டெஸ்ட்’ என்றால் அந்தப் பணத்தை வீட்டிலேயே வைத்திருங்கள்.

நேரக் கணக்கு இதுதான். ஆறு வாரம், வாரம் ஐந்து நாள், நாளுக்கு இரண்டரை மணி நேரம், மொத்தம் 75. இதில் அடிப்படை இயற்கணிதத்துக்கு 30, வகையீடு, தொகையீடு, வெக்டர் மூன்றுக்கும் சேர்த்து 20, இயக்கவியலுக்கு 12, ரேடியனுக்கும் முக்கோணவியலுக்கும் 7, மோலுக்கு 6. மே மாதம் கத்திரி வெயிலில் மதியம் யாருக்கும் மூளை ஓடாது. காலை ஆறிலிருந்து எட்டரை வரை வைத்துக்கொண்டால் மீதி நாள் விளையாட்டுக்கும் தூக்கத்துக்கும். 200 பக்க லாங் சைஸ் நோட்டு இரண்டு: ஒன்றில் கணக்கு, இன்னொன்றில் தப்பாகப் போனவை மட்டும், ஏன் தப்பானது என்ற ஒரு வரியோடு. பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் அந்த இரண்டாவது நோட்டிலிருந்து பத்துக் கணக்கைப் பொறுக்கி, நாற்பது நிமிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். எட்டு சரியாக வந்தால் நோட்டை மூடலாம். அசமன்பாட்டில் தப்பினால் இரண்டாம் பாடத்துக்கே திரும்ப வேண்டும், இயக்கவியல் பாக்கியிருந்தாலும் பரவாயில்லை. அதை ஜூனில் ஆசிரியர் எப்படியும் நடத்துவார், அசமன்பாட்டை அவ்வளவு நிதானமாக நடத்த அவருக்கு நேரம் இருக்காது.