ஸ்டோரேஜ் அறையில் 29 மாதம்: வெள்ளம் தொடவில்லை, ஈரம் விடவில்லை

போன வாரம் என் சிநேகிதி போன் பண்ணினாள். அவர்கள் குடியிருப்பையும் இடித்துக் கட்டப் போகிறார்களாம். பில்டரோடு ஒப்பந்தம் போட்டாயிற்று, தை பிறந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். "நீ சாமானெல்லாம் ஒரு ஸ்டோரேஜ்ல வெச்சிருந்தியே, எப்படி இருந்தது? நாங்களும் வைக்கலாமா?" என்று கேட்டாள். வை என்று சொல்லவும் வாய் வந்தது, வேண்டாம் என்று சொல்லவும் வந்தது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். 2025 நவம்பர் கடைசியில்தான் அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. முடிந்தவரை நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

எங்களுடையது ஆதம்பாக்கத்தில் பழைய எட்டு வீட்டுக் கட்டடம். 2023 ஜூலையில் காலி செய்தோம். பில்டர் வாடகைப் பணம் கொடுத்தார், ஆனால் அந்தப் பணத்துக்கு மடிப்பாக்கத்தில் தரைத்தளத்தில் இரண்டு அறை வீடுதான் கிடைத்தது. முப்பது வருடச் சாமான் அதற்குள் எப்படி அடங்கும்? பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒரு ஸ்டோரேஜில் 75 சதுர அடி அறை எடுத்தோம். இரண்டாவது மாடி. நம் பூட்டு, நம் சாவி. கேமரா, சரக்கு லிப்ட், ஏசி எல்லாம் உண்டு. மாதம் 6,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 7,080. இரண்டு மாத முன்பணம். ஒவ்வொரு வருடமும் பத்து சதவீதம் ஏற்றுவோம் என்று முதலிலேயே சொன்னார்கள், சொன்னபடியே ஏற்றினார்கள். அதில் எனக்குக் குறை இல்லை.

கேஸ் சிலிண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, சாப்பாட்டுப் பொருள், நகை, பணம் எதையும் உள்ளே வைக்கக் கூடாது. சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டோம். பேட்டரியை விற்றுவிட்டோம். மற்றதெல்லாம் போயிற்று: தேக்கு அலமாரி, கட்டில், பெரிய பிரிட்ஜ், கிரைண்டர், தையல் மிஷின், அம்மாவின் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, கொலு பொம்மைப் பெட்டி இரண்டு, ஒரு பெரிய சூட்கேஸ் நிறையப் பட்டுப்புடவை, அப்புறம் ஆல்பங்கள்.

இனி ஏசி விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுத வந்ததே அதற்காகத்தான்.

விளம்பரத்தில் தட்பவெப்பக் கட்டுப்பாடு என்று போட்டிருந்தது. பார்க்கப் போனபோது உள்ளே ஜில்லென்று இருந்தது, மனதுக்குத் திருப்தியாக இருந்தது. செப்டம்பரில் ஒரு நாள் காலை ஒன்பதரைக்கே போய் நின்றேன். ஷட்டரைத் தூக்கியதும் ஒரு வாடை முகத்தில் அடித்தது. மழைக்காலத்தில் காயாத துணியை மடித்து வைத்தால் வருமே, அதே வாடை. தகரத் தடுப்பைத் தொட்டால் விரல் ஈரமானது. அங்கே வேலை பார்க்கும் தம்பியைக் கேட்டேன். "சாயங்காலம் ஆறு மணிக்கு ஏசிய ஆஃப் பண்ணிடுவோம் மேடம், காலைல ஒம்போதரைக்குத்தான் போடுவோம்" என்றான். ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது.

350 ரூபாய்க்கு ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி அறைக்குள் வைத்தேன். அன்றைய அளவோடு, இதுவரை போன உச்ச அளவையும் காட்டும். பகலில் நான் நிற்கும்போது 58, 60 என்று நல்ல பிள்ளையாக இருக்கும். உச்ச அளவைப் பார்த்தால் 79. நவம்பர் மழையில் 88 வரை போனது. 65, 70 சதவீதத்துக்கு மேல் ஈரம் தொடர்ந்து நின்றால் பூஞ்சை வரத்தான் செய்யும். எங்களுக்குத் தெரிந்த ஏசி மெக்கானிக் ஒருவர் விளக்கினார். ஏசியை நிறுத்தியதும் அதன் காயிலில் (உள்ளே குளிரும் குழாயில்) தங்கிய தண்ணீரே ஆவியாகி மறுபடி அறைக் காற்றில் கலக்கும். சரக்கு இறக்கும் வாசல் வழியாகவும் லிப்ட் வழியாகவும் வெளிக்காற்று வரும். நாள் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும் தகரத்தில் அந்தக் காற்று பட்டால் வேர்க்கும். கடலுக்கு நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இடத்தில் பாதி நாள் மட்டும் ஏசி போடுவதைவிடப் போடாமலே, நல்ல ஜன்னல் வைத்துக் காற்றோட்டமாக விடலாம் என்றார் அவர். எனக்கு அப்போது முழுதாக நம்பிக்கை வரவில்லை. இப்போது வந்துவிட்டது.

மேனேஜரிடம் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். ராத்திரி முழுக்க ஏசி ஓடினால் மின்கட்டணம் கட்டுப்படியாகாது என்றார். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். விளம்பரத்தில் இருந்த தட்பவெப்பக் கட்டுப்பாடு அதில் எங்குமே இல்லை. ஈரம், பூஞ்சை, பூச்சியால் வரும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்பது மட்டும் தெளிவாக இருந்தது. நான் கையெழுத்துப் போட்ட தாள்தான்.

அடுத்து என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை என்ன ஆயிற்று என்று சென்னையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வாடகை வீட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். 78 வயது அம்மாவைப் பிடித்து மாடிக்கு ஏற்றினோம். மாடி வீட்டுக்காரர்தான் மூன்று நாள் சோறு போட்டார். அவரை மறக்க மாட்டேன். அந்த வீட்டில் எங்களோடு வைத்திருந்த வாஷிங் மிஷின், சோபா, மெத்தை, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த துணி எல்லாம் சாக்கடைத் தண்ணீரில் ஊறிக் குப்பைக்குப் போயிற்று.

ஒரு வாரம் கழித்து ஸ்டோரேஜுக்குப் போனேன். கீழே சரக்கு இறக்கும் இடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்த தடம் இருந்தது. அந்தத் தம்பி இரண்டு ராத்திரி அங்கேயே தங்கி, தரைத்தளத்து அறைகளுக்குப் போன் போட்டு அனுமதி வாங்கி, சாமானை மரப்பலகை மேல் தூக்கி வைத்திருக்கிறான். இரண்டாவது மாடியில் எங்கள் அறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சூட்கேஸைத் திறந்து அம்மாவின் முகூர்த்தப் புடவையைத் தொட்டுப் பார்த்தேன், உலர்ந்து இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சாமான் மடிப்பாக்கத்தில் இருந்திருந்தால் எதுவுமே மிஞ்சியிருக்காது.

அந்த நன்றியில்தான் அடுத்த ஒரு வருடம் நான் வாயைத் திறக்கவில்லை. ஈரம் உறிஞ்சும் பைகளை வாங்கித் தொங்கவிட்டேன். மேலே வெள்ளைத் துகள், கீழே தண்ணீர் சேரும் பை. ஒரு பை 120 ரூபாய், ஒரு தடவைக்கு ஆறு பை. மழைக்காலத்தில் ஐந்து வாரத்தில் எல்லாப் பையும் நிரம்பிவிடும். அத்தனை தண்ணீரும் என் வீட்டுச் சாமானைச் சுற்றி நின்ற காற்றில் இருந்தது என்று நினைத்தால் வயிறு கலங்கும். காசு அதிகமில்லை. ஆனால் மடிப்பாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போய், பையை மாற்றி, புடவையை மடிப்பு மாற்றிப் போட்டு வருவதற்குள் அரை நாள் ஓடிவிடும். புடவையை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றாவிட்டால் மடித்த இடத்திலேயே கிழியும். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து போட்டேன். ரசகற்பூர உருண்டை ஜரிகையைக் கறுக்க வைக்கும் என்று அம்மா விடவில்லை. "காத்தும் வெயிலும் காட்டாம எந்தச் சாமானும் நிக்காதுடி" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள்.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் கடந்த பிறகு, தேக்கு அலமாரியைத் திறந்தேன். மூவர்ஸ் ஆட்கள் சுற்றிய பிளாஸ்டிக் உறையை அதுவரை பிரிக்கவே இல்லை. தூசி படியாதே என்று விட்டு வைத்திருந்தேன். அது பெரிய தப்பு. பிளாஸ்டிக்குக்குள் ஈரம் மாட்டிக்கொண்டால் வெளியே போக வழியில்லை. பின்பக்கத்துப் பிளைவுட் முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை. பழைய காட்டன் புடவையால் மூடி வைத்த கட்டில் சட்டங்கள் பக்கத்திலேயே நன்றாக இருந்தன.

அலமாரிக்குள்தான் ஆல்பங்கள். தொண்ணூறுகளில் எல்லோர் வீட்டிலும் இருந்ததே, பசைப் பக்கத்தில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாளை மூடும் ஆல்பம், அந்த வகை. பிளாஸ்டிக்கை உரித்தால் படத்தின் நிறமும் கூடவே வந்தது. பதினான்கு படங்கள் போயின. அதில் ஒன்பது அப்பா இருக்கும் படங்கள். நெகட்டிவ் எப்போதோ தொலைந்துவிட்டது.

அன்றைக்கு மேனேஜரிடம் நான் பேசிய விதம் எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் வருத்தப்படவும் இல்லை. அவர்கள் செய்ததையும் சொல்கிறேன். அரை மாத வாடகையைக் கழித்தார்கள். 2025 ஜனவரியில் லிப்டிலிருந்து தள்ளி, கட்டடத்தின் உட்பக்கத்தில் வேறு அறை கொடுத்து, சாமானை மாற்ற ஆளும் கொடுத்தார்கள். அந்த அறையில் மீட்டரின் உச்ச அளவு 74-ஐத் தாண்டவில்லை. அப்படியென்றால் நல்ல அறை எது, ஈரம் இறங்கும் அறை எது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஒரே வாடகைக்கு இரண்டையும் விடுகிறார்கள். என் கோபம் ஆறாததற்கு இதுதான் காரணம்.

மொத்தம் 29 மாதத்துக்குச் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் கட்டியிருக்கிறேன். அந்தப் பணத்துக்குப் புது பிரிட்ஜ், கட்டில், கிரைண்டர் எல்லாம் வாங்கி மீதியும் இருந்திருக்கும். கடையில் வாங்கக் கிடைக்கிற சாமானுக்குத்தான் அந்த அறை சரி. பிரிட்ஜைத் துடைத்துக் காயவைத்து, கதவு மூடாமல் இருக்க ஒரு துண்டை மடித்துச் செருகி வைத்தோம். இன்று வரை நன்றாக ஓடுகிறது. கிரைண்டருக்கு பெல்ட் மட்டும் மாற்றினோம். பித்தளை கறுத்துப் போயிருந்தது, அதிலும் செய்தித்தாள் சுற்றிய இடங்களில் கரும்புள்ளி விழுந்திருந்தது. புளி போட்டுத் தேய்த்ததில் பளிச்சென்று ஆகிவிட்டது. கொலு பொம்மைகள் வைக்கோலில் இருந்ததால் இரண்டுக்கு மட்டும் வர்ணம் உரிந்தது. திரும்ப வாங்க முடியாத படங்கள்தான் போயின. பட்டுப்புடவை தப்பித்தது, ஆனால் வாடை இன்னும் போகவில்லை. அம்மா தினமும் இரண்டு புடவையாகப் புது வீட்டு பால்கனியில் நிழலில் உலர்த்துகிறாள்.

நான் மறுபடி அங்கே வைப்பேனா என்று கேட்டால், மாட்டேன். வெள்ளத்திலிருந்து எங்கள் சாமானைக் காப்பாற்றிய இடம்தான். அந்தத் தம்பிக்கு தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தேன், இன்னும் கொடுப்பேன். ஆனால் அங்கே வைக்க மாட்டேன்.

இனி என் சிநேகிதிக்கு: நீ வைப்பதாக இருந்தால் சில விஷயம் பார். தரைத்தளம் வேண்டவே வேண்டாம். பகலில் போய்ப் பார்த்துவிட்டு வராதே, மழை பெய்த மறுநாள் காலை திறக்கிற நேரத்துக்குப் போய் நில், தகரத்தைத் தொட்டுப் பார். ராத்திரி ஏசி உண்டா என்று கேட்டு, உண்டு என்றால் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கு. லிப்ட் பக்கத்து அறையை எடுக்காதே. சாமானைச் சுவரை ஒட்டி வைக்காமல், பலகை மேல் ஒரு சாண் தள்ளி வை. பிளாஸ்டிக் உறையை அன்றைக்கே பிரித்துவிட்டுப் பழைய காட்டன் புடவையைப் போர்த்து. இலவம்பஞ்சு மெத்தையை யாருக்காவது கொடுத்துவிடு. படங்களை எல்லாம் இப்போதே, இந்த மாதமே ஸ்கேன் செய்துவிடு.

ஆல்பத்தையும் பட்டுப்புடவையையும் மட்டும் அங்கே கொண்டுபோகாதே. எங்கள் வீட்டுக்குக் கொண்டு வா. நடு அறை அலமாரியில் மேல் இரண்டு தட்டும் காலியாகத்தான் இருக்கின்றன. அம்மா எப்படியும் தினம் புடவை உலர்த்துகிறாள், உன்னுடையதையும் சேர்த்து உலர்த்திவிடுவாள்.