ஆண்டு பாஸ் வாங்கலாமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பல வாங்கிவரும், எல்லையோரக் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் ஆண்டு பாஸைப் பற்றிய மதிப்பீடு இது. வார நாள்களில் குறை சொல்ல இடமில்லை. நீர் தூய்மையாக இருக்கிறது, பணியாளர்கள் கண்ணும் கருத்துமாக நிற்கிறார்கள். ஆனால் ஓணம் விடுமுறையிலும், கேரளப் பள்ளிகளும் தமிழ்நாட்டுப் பள்ளிகளும் சேர்ந்து மூடியிருக்கும் கோடையிலும், பாலக்காடு, கோவை, பொள்ளாச்சி மக்கள் அனைவரும் ஒரே வாயிலில் குவிவதால், ஒரு சறுக்குக்காகக் குழந்தைகள் ஈர உடையுடன் வெயிலில் நெடுநேரம் காத்து நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

பணத்தை முன்கூட்டியே பெற்றுவிடும் நிர்வாகம், பாஸ் வைத்திருப்போர் எந்த நாளில் வருவார்கள் என்பதைக் கணிக்க எந்த ஏற்பாடும் செய்யவில்லை. கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் 2021இல் ஆண்டு பாஸ் முறையை மாற்றியபோது, முன்பதிவைக் கட்டாயமாக்கியதோடு, விலை குறைந்த பாஸ்களுக்கு அனுமதியில்லாத நாள்களை அதிகமாக வைத்தது. இங்கோ எல்லா நாளுக்கும் ஒரே விலைதான். பண்டிகை நாள்களைத் தவிர்த்த மலிவான பாஸ் ஒன்றை விற்றாலே கூட்டம் ஓரளவு பிரியும் என்று நம்புகிறேன்.

வார நாள்களில் வர இயன்றவர்கள் தயங்காமல் வாங்கலாம். பள்ளி விடுமுறையை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு ஒருநாள் சீட்டே போதும்.