குணகங்கள் நழுவாமலிருக்க: நிறுத்தமா, இரைச்சலா, கசிவா?

கே.புதூரில் ஒரு கூட்ட அறைக்கு எதிரொலி நீக்கும் பெட்டி செய்து கொடுத்தேன். வினாடிக்கு 8,000 ஒலி மாதிரிகள்; எதிரொலியைக் கணித்துக் கழிக்கும் வடிகட்டியில் 512 குணகங்கள் (பெருக்கும் எண்கள்); மிஞ்சும் பிழையைப் பார்த்து அவற்றைத் தொடர்ந்து திருத்தும் எல்.எம்.எஸ். முறை. பகலில் ஒரு குறையும் இல்லை. இரவெல்லாம் ஓடிய பிறகு, காலையில் முதல் ஆள் வணக்கம் சொன்னதும் ஸ்பீக்கர் அலறியது.

ஆளில்லாத இரவில் லைனில் வந்தது 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஹம் மட்டும். 512 குணகங்கள் மாறக்கூடிய 512 திசைகளில் ஒற்றைச் சுரம் இரண்டைத்தான் அசைக்கும். மிச்சம் 510-ல் குணகங்களைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. கடைசி பிட்டை வெட்டும்போது விழும் சின்னப் பிழை அங்கே சேர்ந்துகொண்டே போகும். அப்படி நழுவிய குணகங்கள்மேல் முதல் பேச்சு வந்து விழுந்ததால்தான் அலறல்.

சிக்னல் ஒரு வரம்புக்குக் கீழே தணிந்ததும் குணகங்களைத் திருத்துவதை நிறுத்திவிடலாம். எளிதுதான். ஆனால் ஏசி ஓடினால் ஒரு வரம்பு, ஜெனரேட்டர் ஓடினால் வேறு வரம்பு; ஒவ்வொரு தடவையும் நேரில் போய்த் திருக வேண்டும்.

வடிகட்டிக்குள் கொஞ்சம் வெள்ளை இரைச்சல் கலப்பது இன்னொரு வழி. அந்த இரைச்சல் எதிர்முனைக்கும் கேட்கும். மேசையில் இரண்டு நாள்தான் ஓட்டினேன் என்பதால் அதற்குமேல் குறை சொல்ல மாட்டேன்.

நான் தேர்ந்தெடுத்தது கசிவு. ஒவ்வொரு மாதிரிக்கும் குணகத்தில் துளியைக் கழித்துப் பூச்சியத்தை நோக்கி இழுப்பது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வின் ஜி.726 பேச்சுத் தரத்திலேயே இது இருக்கிறது. எல்லாம் சரியாக வருவது பிட் அகலத்தைப் பொறுத்தது. முதலில் 16 பிட் குணகத்தை 16 இடம் வலப்பக்கம் நகர்த்தி (ஓர் இடம் நகர்த்தினால் எண் பாதியாகும்), வந்ததைக் கழித்தேன். நேர் எண்ணில் விடை 0, எதிர் எண்ணில் -1. அதாவது எதிர்க் குணகங்கள் மட்டும் கசிந்தன, நேர்க் குணகங்கள் அப்படியே நின்றன! குணகங்களை 32 பிட்டாக்கி 20 இடம் நகர்த்தியதும் இரண்டும் சமமாக இறங்கின. 10,48,576-ல் ஒரு பங்கு என்றால், சிக்னல் அசைக்காத குணகம் ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். நினைவகம் இரட்டிப்பானது, ஆனால் வரம்பு திருக அந்த அறைக்கு நான் திரும்பப் போகவில்லை.

இதற்கும் விலை உண்டு. நீண்ட அமைதிக்குப் பின் முதல் ஒன்றிரண்டு சொற்களில் எதிரொலி லேசாகத் தலைகாட்டும், அப்புறம் அடங்கிவிடும்.