முதல் பூச்சு எதில் போடுவது? நெல்லை வெயிலில் மூன்று கிரீம்கள்

போன சித்திரையில் அம்பாசமுத்திரத்துக்கு ஒரு பிறந்தநாள் கேக் அனுப்பினேன். பாளையங்கோட்டையில் வண்டி ஏற்றும்போது ஓரமெல்லாம் ரூல்தடி வைத்துக் கோடு கிழித்த மாதிரி நின்றது. சேரன்மகாதேவி தாண்டியதும் போட்டோ வந்தது. மேலே வைத்த பூ ஒன்றும் அசையவில்லை, பக்கச் சுவர்தான் ஒரே தகடாகப் பெயர்ந்து பெட்டியில் சாய்ந்து கிடந்தது. வீட்டுக்கு வந்திருந்த கொத்தனார் பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, "முதல் பூச்சு பிடிக்கலம்மா, மேல்பூச்சு என்ன செய்யும்?" என்றார்.

அந்த முதல் பூச்சைத்தான் கேக்காரர்கள் கிரம் கோட் என்கிறோம். ஸ்பாஞ்சின், அதாவது கிரீம் பூசாத வெறும் கேக்கின், தூள் மேல் கிரீமில் கலக்காமல் பிடித்துவைக்கும் மெல்லிய படலம் அது. ஒரு கிலோ கேக்குக்கு 150 முதல் 200 கிராம் போதும். சாக்லேட் ஸ்பாஞ்சுக்கு இதைப் போடாமல் நேரே வெள்ளை கிரீம் பூசிப் பாருங்கள், எள் தூவியதுபோல ஆகிவிடும்.

அன்று நான் போட்டிருந்தது பட்டர்கிரீம். ஒரு பங்கு வெண்ணெய்க்கு இரண்டு பங்கு ஐசிங் சர்க்கரை. கை பழகுவதற்கு இதைவிட நல்லது கிடையாது. ஸ்கிரேப்பரை (கிரீமை வழித்துச் சமன்செய்யும் தகடு) ஒரு சுற்று சுற்றினால் வழுவழுவென்று வரும், ஃபிரிட்ஜில் இருபது நிமிடம் வைத்தால் கல்லாக இறுகும். ஆனால் வெண்ணெய் 32 டிகிரிக்கு மேல் உருகத் தொடங்கிவிடும், அதற்கு வெகு முன்பே குழைந்துபோகும். இங்கே மே மாதம் வெளியில் 38, 40 என்று அடிக்கிறது. பிறகு எப்படி நிற்கும்? இன்னொன்று, பக்கத்துக் கடையில் சட்டென்று கிடைப்பது உப்பு வெண்ணெய்தான். உப்பில்லாததைத் தேடித்தான் வாங்க வேண்டும். மார்கழியில், கிறிஸ்துமஸ் ஆர்டர்களுக்கு மட்டும் நான் பட்டர்கிரீமைத் தொடுகிறேன். குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் தென்காசிக்காரர்கள் தாராளமாகச் செய்யலாம், அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். முட்டை வெள்ளைக்கருவைச் சூடாக்கி அடிக்கும் சுவிஸ் வகை இன்னும் வழுவழுப்பு, ஆனால் எனக்கு வரும் ஆர்டரில் பாதி முட்டையில்லாத கேக். அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

விப் கிரீம்தான் ஊரில் எல்லோரும் போடுவது. அடித்தால் மூன்று மடங்குக்கு மேல் பொங்கும் என்பதால் செலவும் குறைவு. தாவரக் கொழுப்பில் செய்தது வெண்ணெய் அளவுக்குக் குழையாது. உறைந்த பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைத்து இளக்கி, ஜில்லென்று இருக்கும்போதே அடிக்க வேண்டும். கிரம் கோட்டாக இதில் ஒரு குறை: எவ்வளவு குளிர வைத்தாலும் இறுகாது. இரண்டாம் பூச்சு போடும்போது கத்தி சற்று அழுந்தினால் கீழ்ப்படலமும் தூளோடு கிளம்பி வந்துவிடும். சர்க்கரைப் பாகை அதிகமாகத் தெளித்த ஸ்பாஞ்சில் வழுக்கவே செய்யும். ஸ்பாஞ்சை முதலில் அரைமணி குளிர வைத்துவிட்டால் கொஞ்சம் அடங்கும். ஃபேனுக்குக் கீழே பூசாதீர்கள், மேல்தோல் காய்ந்து வெடிப்பு விழும். ஆடிக் காற்று வீசும் நாளில் ஜன்னலையும் சாத்திவிடுங்கள், நம் ஊர்ப் புழுதி கேட்டுக்கொண்டா உள்ளே வரும்! இதன் மேல் ஃபாண்டன்ட் (மாவுபோலத் தேய்த்துப் போர்த்தும் சர்க்கரைப் போர்வை) போர்த்தவே கூடாது. கிரீமின் ஈரத்தில் அது கரைந்து அழும்.

மூன்றாவது கனாஷ், சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சு. அதன் விஷயத்தில் எனக்கு ஒரு சாய்வு உண்டு, ஒளிக்கவில்லை. டார்க் சாக்லேட் இரண்டு பங்குக்கு கிரீம் ஒரு பங்கு. வெள்ளை சாக்லேட் என்றால் மூன்றுக்கு ஒன்று, கத்திரி வெயிலில் சாக்லேட்டை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்வேன். சூடான கிரீமை ஊற்றி, கலக்கி, மூடி, இரவு முழுக்க விட வேண்டும். காலையில் குழைந்த வெண்ணெய்ப் பதத்தில் இருந்தால் சரி. இறுகிவிட்டால் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கொஞ்ச நேரம் காட்டுங்கள். எண்ணெய் பிரிந்தால் ஒரு கரண்டி வெதுவெதுப்பான பால் விட்டுக் கலக்கினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். பூசிக் குளிர வைத்ததும் ஓரங்கள் பலகை மாதிரி நிற்கும். ஸ்கிரேப்பரை வெந்நீரில் முக்கித் துடைத்து ஒரு சுற்று விட்டால் கோடு ஒன்றுகூட மிஞ்சாது. ஃபாண்டன்டும் இதன் மேல் பயமில்லாமல் உட்காரும்.

செலவுதான் இடிக்கும். இது விப் கிரீம் மாதிரி பொங்குவதில்லை, என் கணக்கில் அதைவிடச் செலவு இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. அதனால் உள்ளூரில் மாலையே வெட்டும் கேக்குக்கு விப் கிரீமில் இரண்டு பூச்சு. அம்பை, வள்ளியூர் என்று பஸ் ஏறும் கேக்குக்கு உள்ளே அடுக்குகளில் விப் கிரீம், வெளிச்சுவருக்குக் கனாஷ். பணத்தைச் சொல்லியே வாங்கிவிடுகிறேன்.

அந்த அம்பை வீட்டிலிருந்தே இந்த வருஷமும் ஆர்டர் வந்தது. இந்த முறை கனாஷ். கேக் அப்படியே போய்ச் சேர்ந்தது, ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் வெட்டப் பார்த்து, "கத்தி இறங்கலியே அக்கா" என்று போன் வந்துவிட்டது. வெளியே எடுத்து அரைமணி வைக்கச் சொல்ல வாயெடுத்தேன், வெயிலைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் என்று மாற்றிச் சொன்னேன்.