இலவசப் பள்ளிக்கும் செலவு உண்டு: ஜூன் மாதத்தை வைத்து ஓர் ஒப்பீடு

காவிரி டெல்டாவில் ஜூன் மாதம் கையில் காசு தங்காது. 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தால் உழவு, விதை, நடவுக் கூலி என்று குறுவைக்கே எல்லாம் போய்விடும். பள்ளி திறப்பதும் அதே மாதம்தான். அதனால் அரசுப் பள்ளியா, அரசு உதவிபெறும் தனியார் பள்ளியா, மெட்ரிக்கா என்று பார்க்கும்போது, வருடச் செலவு எவ்வளவு என்பதோடு அது எந்த மாதத்தில் வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

மெட்ரிக்கில் முதல் தவணை, புத்தகம், சீருடை, வேன் பணம் எல்லாம் ஜூனிலேயே கேட்பார்கள். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் வர தை, மாசி ஆகிவிடும். நடுவில் நகைதான் அடகுக்குப் போகும். அந்த வட்டியும் பள்ளிச் செலவுதான், யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. புத்தகம், நோட்டு, பை, எட்டாம் வகுப்பு வரை சீருடை, மதிய உணவு எல்லாம் கிடைக்கும். 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகை மாவட்டம் திருக்குவளையில் தொடங்கி, காலை உணவும் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. விடியுமுன் நடவுக்குக் கிளம்பும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது அந்த வீடுகளுக்குத் தெரியும்.

ஆனால் மற்றதெல்லாம் சில்லறையாகப் போகும். சீருடை அளவு சரியில்லை என்றால் தையல்காரர், அப்புறம் சார்ட், கலர் பேப்பர், பிரிண்ட். சாதி, வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய்தான். அதற்காகப் போன அரை நாள் கூலிதான் பெரிய செலவு. பஸ் பாஸ் இலவசம், பள்ளி நேரத்துக்குப் பஸ் வராத ஊரில் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தாக வேண்டும். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் டியூஷன் சேர்ந்துகொள்ளும். அரசுப் பள்ளிப் பெற்றோரை உண்மையில் அழுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். பாடம் வகுப்பிலேயே முடிந்தால் இந்தச் செலவே வராது. கணக்கு, அறிவியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள்.

அதிகம் ஏமாறுவது உதவிபெறும் பள்ளியில். கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பெயர்பெற்ற பழைய பள்ளிகள் இந்த வகைதான். தமிழ் வழியில் படித்தால் கட்டணம் இல்லை. ஆங்கில வழிப் பிரிவு பெரும்பாலும் சுயநிதி, அதற்குப் பணம் கட்ட வேண்டும். எதற்குப் பணம் கொடுத்தாலும் ரசீது கேளுங்கள்.

பல வீடுகளில் முடிவு மூன்று வயதிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. பக்கத்தில் அரசு எல்கேஜி இல்லை என்று தனியாரில் சேர்த்த பிள்ளை அங்கேயே தங்கிவிடும். பக்கத்தில் அங்கன்வாடி இருந்தால் அங்கே விட்டு, ஒன்றாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்குக் கொண்டுபோவதே நல்லது என்பேன். ஐந்தாம் வகுப்பு வரை மெட்ரிக்குக்குக் கட்டும் பணத்தைச் சேர்த்து வைத்தால், பின்னால் வரும் டியூஷனுக்கும் ஆட்டோவுக்கும் ஆகும்.

இடையில் மாற்ற நினைப்பவர்கள் ஆறாம் வகுப்பைக் கவனியுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2020 முதல் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குப் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளிக்கு அது கிடையாது. பத்தாம் வகுப்பு மார்க்குக்காக இரண்டு வருடம் தனியாரில் போட்டால், அந்த வாய்ப்பு போய்விடும்.