சின்னப் பசங்க சயின்ஸ் கிட்: எரிமலைய விட்டுட்டு மேக்னட்ட எடுங்க

4ல இருந்து 7 வயசுக்குன்னு போட்டிருக்கிற ஒரு சயின்ஸ் கிட், வீட்ல பொண்ணும் சின்னவனும் நல்லாவே புழங்கிட்டாங்க, அதான் எழுதறேன். உள்ள ரெண்டு பார் மேக்னட், பூதக்கண்ணாடி, டிராப்பர், கலர் பிலிம், கயித்துல கட்டித் தொங்கவிடற குண்டு, குட்டி டார்ச், எரிமலை செட், கூடவே கேள்வி அட்டைங்க.

இதுல மேக்னட் தான் டாப். அட்டையில "எது ஒட்டும்னு மொதல்ல சொல்லு, அப்புறம் வச்சுப் பாரு"ன்னு மட்டும் இருக்கு, விடையே கிடையாது, இந்த ஒரு விஷயத்துக்காகவே டிசைன் பண்ணவங்கள பாராட்டணும். பொண்ணு பளபளன்னு இருக்கறதெல்லாம் ஒட்டும்னா, அலுமினியம் ஃபாயில்ல ஒட்டல, செம்பு ஒயர்லயும் ஒட்டல, ஆணியில டக்குனு ஒட்டிக்கிச்சு, சரி இரும்புச் சாமான்னா ஒட்டும்னு அவளே ஒரு முடிவுக்கு வந்தப்ப ஸ்டீல் ஸ்பூன்ல ஒண்ணு ஒட்டுது இன்னொண்ணு ஒட்டவே மாட்டேங்குது! சில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல நிக்கல் சேத்திருப்பாங்க, அதுல அணுக்களோட அடுக்கே மாறிடறதால மேக்னட் பிடிக்காது, ஆனா நிக்கல் தனியா இருந்தா மேக்னட்ல ஒட்டும். இதெல்லாம் அவகிட்ட நான் சொல்லல. "ரெண்டு ஸ்பூனும் பாக்கத்தான் ஒண்ணு, உள்ள வேற"ன்னு அவளே சொன்னா பாருங்க, அந்த வயசுக்கு அதுக்கு மேல என்ன வேணும்? அதனால கூட வர்ற விளக்கப் புக்க பசங்க கண்ணுல காட்டாதீங்க, மொதப் பக்கத்துலயே காந்தப்புலம் அது இதுன்னு ஆரம்பிச்சு யோசிக்கறதுக்கு முன்னாடியே விடைய கொட்டிடுது.

ஊசல் பார்ட் தான் எனக்கு பெரிய வருத்தம். கனமான குண்டு வேகமா ஆடும்னு பெரியவங்களே நினைப்பாங்க, உண்மையில எடைக்கு அதுல வேலையே இல்ல, கயிறோட நீளம் தான் கணக்கு, நீளத்த 4 மடங்கு ஆக்கினா ஒரு ஆட்டத்துக்கு 2 மடங்கு நேரம் ஆகும். இத புள்ளைங்க தானா கண்டுபிடிக்க சூப்பர் சான்ஸ், ஆனா கிட்ல ஒரே ஒரு குண்டு தான் குடுத்திருக்காங்க! எடைய மாத்திப் பாக்க முடியலன்னா அங்க என்ன சோதனை இருக்கு? அதே சைஸ்ல ஒரு களிமண் உருண்டை பிடிச்சு கட்டிக்கோங்க.

எரிமலை சுமார். பேக்கிங் சோடா, வினிகர், நுரை, கைதட்டல், முடிஞ்சது. அதே சோடாவ பலூன்ல போட்டு வினிகர் இருக்கிற பாட்டில் வாயில மாட்டி கவுத்து விடுங்க, கார்பன் டை ஆக்சைடு பலூன ஊத ஆரம்பிக்கும், சோடா அளவ மாத்தி மாத்தி இந்த தடவ எவ்ளோ பெருசாகும்னு புள்ளைங்கள முன்கூட்டியே சொல்ல வைக்கலாம்.

சின்னவன் டிராப்பர விடவே இல்ல. பிலிம அச்செழுத்து மேல வச்சு ஒரு சொட்டு தண்ணி விட்டா எழுத்து பெருசாத் தெரியுது, சொட்டே லென்ஸ் ஆயிடுது, அவன் வீட்ல இருக்கிற காகிதம் எல்லாத்தயும் இப்படி படிச்சுட்டான்.

பாதுகாப்புக்கு வர்றேன், இத ஸ்கிப் பண்ணாதீங்க. மேக்னட் ரெண்டும் முழுங்க முடியாத சைஸ், நல்ல விஷயம், ஏன்னா குட்டி பவர்ஃபுல் மேக்னட்ட ஒண்ணுக்கு மேல முழுங்கிட்டா குடல் சுவருக்கு ரெண்டு பக்கமும் நின்னு இழுத்து ஓட்டையே போட்டுடும். ஆனா டார்ச்சுக்குள்ள பட்டன் பேட்டரி, மூடிக்கு ஸ்க்ரூ கூட இல்ல. அது தொண்டையில மாட்டினா 2 மணி நேரத்துக்குள்ளயே உள்ள புண்ணாக்கிடும். டார்ச்ச எடுத்து தனியா வச்சுட்டேன், நீங்களும் அதையே பண்ணுங்க. பூதக்கண்ணாடியில சூரியன பாக்கவே கூடாதுன்னும் சொல்லி வைங்க.

5க்கு 3.5 குடுப்பேன். இன்னொரு குண்டும் அந்த மூடிக்கு ஒரு ஸ்க்ரூவும் சேத்தாங்கன்னா யோசிக்காம 5.