முதுநகர் மடவைக் கருவாடும் சமாராவின் வோப்லாவும்

கடலூர் முதுநகரில் மீன் அங்காடிக்குப் பின்னால் பெயர்ப்பலகை இல்லாத கருவாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. தார்ப்பாய்ப் பந்தல், நான்கு கூடை, ஒரு தராசு. நடத்துகிற மூதாட்டியை எல்லோரும் ஆயா என்றே கூப்பிடுகிறார்கள். ஐந்து ஆண்டுகளாக மடவைக் கருவாட்டை இங்கே மட்டும்தான் வாங்குகிறேன். இதைப் போன்றதொரு ருசியை என் நாக்கு ரஷ்யாவில் பழகிக்கொண்டது.

2003 முதல் 2009 வரை வோல்கா கரையிலுள்ள சமாராவில் மருத்துவம் படித்தேன். பீருக்குப் பேர்போன ஊர். ஆல்ஃபிரெட் வோன் வக்கானோ என்ற ஆஸ்திரியர் 1881இல் ஆற்றங்கரையில் தொடங்கிய ஆலை இன்னும் அங்கே நிற்கிறது. அதன் 'வியன்னா' பீர்தான் 1930களில் 'ஜிகுலியோவ்ஸ்கொயே' என்று பெயர் மாறி, சோவியத் ஒன்றியம் முழுக்கப் பல ஆலைகளில் தயாரானது. மாலையில் ஆலையை ஒட்டிய கடையில் காலி பாட்டில்களோடு ஆட்கள் வரிசை கட்டி நிற்பார்கள். அந்தக் காலத்தில் சட்டத்தின் கணக்கில் பீர் அங்கே மதுவே அல்ல, உணவுப்பொருள். 2011இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். 2013 பிறந்ததும் தெருவோரப் பெட்டிக்கடைகளில் பீர் விற்பது நின்றது.

பீருக்குத் துணை வோப்லா. காஸ்பியன் கடலிலிருந்து ஆற்றில் ஏறிவரும் சிறிய மீன். செதிலோடு முழுதாக உப்பிட்டு, காற்றில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். சமைப்பதில்லை. மேசை விளிம்பில் நாலு தட்டு தட்டித் தோலைத் தளர்த்தி, தலையைத் திருகி எடுத்து, தோலை உரித்து, முதுகுச் சதையை நார் நாராகக் கிழித்துத் தின்ன வேண்டும். காற்றுப்பையைத் தீக்குச்சியில் வாட்டி என் அறைத்தோழன் எனக்குத்தான் முதலில் நீட்டுவான். சினையைக் கடைசியில் தின்பதற்கென்று எடுத்துவைப்போம்.

ஊர் திரும்பிய பிறகு நெத்திலி, வாளை எல்லாம் வாங்கிப் பார்த்தேன், ஒன்றும் சேரவில்லை. வேறொரு கடையில் வாங்கிய மடவையில் மணல் நறநறத்தது, செவுளுக்குள் புழு. ஆயா தரையில் பரப்புவதில்லை, வலைமேல் காயவைக்கிறார். "செவுளை எடுக்காமல் உப்புப் போட்டால் அங்கிருந்துதான் கெடும், தம்பி" என்றார். மீனை வளைத்தால் ஒடியாமல் வளைகிறது. பிளந்தால் சதை தேன் நிறத்தில், வெளிச்சம் ஊடுருவும்படி இருக்கிறது. வோப்லாவுக்கு இவ்வளவு நெருங்கிய ருசியை இந்தக் கடற்கரையில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

குறையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் போதாமல் உப்பைக் கூட்டிவிடுகிறார்; அந்த மாதங்களில் வாங்காதீர்கள். கால் கிலோ 120 ரூபாய். செய்தித்தாளில்தான் மடித்துத் தருவார், டப்பா கொண்டுபோங்கள்.

ஞாயிறன்று அரைக் கிலோவோடு புதுச்சேரியில் நண்பர் வீட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். பீரை அங்கேயே வாங்கி அங்கேயே குடித்து, இரவு தங்கிவிட்டு வருவேன். எல்லை தாண்டிக் கொண்டுவருவதில்லை. நம் கருவாட்டைப் பச்சையாகத் தின்ன வேண்டாம், தணலில் நன்றாக வாட்டுங்கள். ஸ்ட்ராங் பீரின் நெடி மீனை அமுக்கிவிடும். இலேசான லாகர் போதும். உப்பு நாக்கில் பட்ட பிறகு குடிக்கும் முதல் மிடறில் மால்ட்டின் இனிப்பு தெளிவாகத் தெரியும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இந்தக் கருவாட்டைத் தொடக் கூடாது; மருத்துவனாகச் சொல்கிறேன்.

சினை மடவை வேண்டுமென்றால் முதல்நாளே ஆயாவிடம் சொல்லிவைக்க வேண்டும். காலை பத்து மணிக்குமேல் போனால் கூடையில் நெத்திலி மட்டும்தான் கிடக்கும்.